ஜீப்ரா மீனை வைத்து அல்சைமர் ஆய்வு: கேள்வியில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜீப்ரா மீனுக்கு அல்சைமர் வருவதில்லை. அது மனிதருக்கு வரும் நோய். மீனுக்கு நாம் கொடுப்பது அந்த நோயின் ஒரு துண்டைத்தான்: ஒரு புரதம், ஒரு மரபணுக் கோளாறு, அல்லது மூளைக்குள் செலுத்திய கொஞ்சம் அமிலாய்டு (நோயாளிகளின் மூளையில் படியும் புரதத் துணுக்கு). இதை மறந்து "அல்சைமர் மீன்" செய்யப் போகிறேன் என்று கிளம்பியவர்கள், இரண்டு வருடம் கழித்து எந்தக் கேள்விக்கும் பதிலாகாத தரவுக் குவியலோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தத் துண்டு, அதனிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பது முடிவானால் மீனின் வயது, மரபணுவை மாற்றும் முறை, நடத்தைச் சோதனை எல்லாம் அதைப் பின்பற்றி வரும். ஆகவே இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஏன் இந்த மீன்?

சுண்டுவிரலை விடச் சின்ன மீன்; வளர்ந்தால் 3 முதல் 4 சென்டிமீட்டர். தெற்காசிய ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் திரிந்ததை மரபியல் ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். அவருடைய முக்கியமான ஆய்வு 1981-இல் வெளிவந்தது. பிறகு 1996-இல், ஜெர்மனியின் ட்யூபிங்கனில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் குழுவும் பாஸ்டனில் வொல்ஃப்காங் ட்ரீவரின் குழுவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறழ்வு மீன்களைப் பற்றி ஒரே ஆய்விதழில் எழுதின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலோயிஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் பற்றி முதன்முதலில் பேசியதும் அதே ட்யூபிங்கனில்தான், 1906 நவம்பரில். அவையில் இருந்தவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2013-இல் ஜீப்ரா மீனின் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மீனில் இணை இருப்பது தெரிந்தது. நோயோடு தொடர்புள்ளவை என்று அறியப்பட்ட மனித மரபணுக்களை மட்டும் எடுத்தால் 82 சதவீதம். ஆனால் எலியை விட்டு மீனிடம் வருவதற்கு உண்மையான காரணம், லார்வா கண்ணாடி மாதிரி இருப்பதுதான். ஒரு வார வயது லார்வாவின் மூளையில் ஏறத்தாழ 1 லட்சம் நரம்பணுக்கள். அவற்றில் பெரும்பாலானவை மின்னுவதை, உயிரோடு, ஒவ்வொரு அணுவாகப் பார்க்கலாம் என்று 2013-இல் மிஷா ஆரென்ஸ் குழு காட்டியது. எலியின் மண்டையைத் திறந்தாலும் இது கிடைக்காது.

இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆறு அடுக்குப் பெருமூளைப் புறணி இந்த மீனுக்குக் கிடையாது. முன்மூளை உருவாகும்போது நம்முடையது போல உள்நோக்கி மடியாமல் வெளிப்பக்கம் விரிந்துகொள்வதால், நினைவுக்கு முக்கியமான நம் ஹிப்போகாம்பஸுக்கு இணையான பகுதி பக்கவாட்டில் போய் உட்கார்ந்திருக்கும். அதைவிடச் சங்கடமான விஷயம், மீனின் மூளை இழந்த நரம்பணுக்களைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். நரம்பணு அழிவைப் பற்றியே கேள்வி கேட்கிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். கேள்வியை அப்படியே திருப்பிப் போடுகிறவருக்கோ இது புதையல். அதற்குக் கீழே வருகிறேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"இந்த மருந்து அல்சைமரைக் குணப்படுத்துமா?" என்று மீனிடம் கேட்கக் கூடாது. "இந்த மருந்து, நரம்பணுவில் டௌ புரதத்தின் மீது பாஸ்பேட் ஏறுவதைக் குறைக்கிறதா? குறைத்தால் லார்வாவின் இயக்க நரம்பு நீளம் திரும்புகிறதா?" என்று கேட்கலாம். (நோயில் நரம்பணுவுக்குள் முடிச்சாகச் சேரும் புரதம்தான் டௌ; பாஸ்பேட் மிகையாக ஏறுவது அது கெடுவதன் அடையாளம்.)

சுருக்கமான கேள்விக்கு மீன் எவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். அமிலாய்டு பீட்டாவை வெட்டி வெளியே விடும் கத்தரிகளில் ஒன்று காமா செக்ரெடேஸ் என்ற நொதி. அதைத் தடுத்தால் நோய் நிற்கும் என்பது அன்றைய நம்பிக்கை. 2002-இல் டாப்ட் என்ற தடுப்பானை ஜீப்ரா மீன் கருக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாட்ச் என்ற சமிக்ஞை வழி அடைபட்டு, நரம்பு வளர்ச்சியே தாறுமாறானது. அதே நொதி நாட்சையும் வெட்டுகிறது என்பதை உயிருள்ள விலங்கின் உடலே காட்டிவிட்டது. பிறகு செமகாசெஸ்டாட் என்ற காமா செக்ரெடேஸ் தடுப்பான் மனிதரிடம் பெரிய சோதனைக்குப் போய் 2010-இல் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களின் நினைவுத்திறன் மேலும் மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது. மீன் அந்த முடிவை முன்கூட்டியே சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "இந்தக் கத்தரி வேறு எதையெல்லாம் வெட்டுகிறது?" என்ற கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் தந்திருந்தது.

படி 2: எந்தத் துண்டு? மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

தவறுகளில் பெரும்பாலானவை நடப்பது இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

டௌ பற்றிய கேள்வி என்றால் மனித டௌவை மீனின் நரம்பணுக்களில் உற்பத்தி செய்யும் மீன் வேண்டும். 2009-இல் கிறிஸ்டியான் ஹாஸ், பெட்டினா ஷ்மிட் ஆகியோரின் குழு பி301எல் என்ற பிறழ்வு கொண்ட மனித டௌவை இப்படி ஏற்றியது. பாஸ்பேட் கூடுவது, புரதத்தின் வடிவம் மாறுவது, முடிச்சு விழுவது, நரம்பணு சாவது என்று எல்லாம் வேகமாக வந்தன. ஜிஎஸ்கே-3 நொதிக்கென உருவாக்கிய ஒரு தடுப்பான் டௌவின் மீது ஏறும் பாஸ்பேட்டைக் குறைப்பதையும் அதே மீனில் காட்டினார்கள். ஒரு எச்சரிக்கை: பி301எல் அல்சைமரின் பிறழ்வே அல்ல. அது முன்நெற்றி-பொட்டு மறதிநோய்க் குடும்பங்களில் காணப்படுவது. அல்சைமரில் டௌ மரபணு பழுதில்லாமல்தான் இருக்கும், புரதம்தான் கெடுகிறது. இதை அறிக்கையில் எழுதாமல் விடுகிறவர்கள் ஏராளம்.

குடும்பவழியில் இளவயதிலேயே வரும் அல்சைமர் பற்றிய கேள்வி என்றால் பிரெசெனிலின்-1 மரபணுவைத் தொட வேண்டியிருக்கும். மரபணுவை வெட்டும் கருவியான கிரிஸ்பர் கைவசம் இருப்பதால் அதை அப்படியே உடைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லார்டெல்லி குழு திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டும் விதி ஒன்று உண்டு. அல்சைமரைக் கொடுக்கும் பிரெசெனிலின் பிறழ்வுகள் மரபணுவின் வாசிப்புச் சட்டகத்தை, அதாவது அதன் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வரிசையை, கெடுப்பதில்லை. புரதம் கடைசிவரை உருவாகிறது, வடிவம்தான் கோணலாகிறது. சட்டகம் உடையும் பிறழ்வுள்ள மனிதருக்கு வருவது ஒரு தோல் நோய், அல்சைமர் அல்ல. ஆக முழுதாக உடைத்த மீன் வேறு ஏதோ ஒரு நோயின் மாதிரி. வாசிப்புச் சட்டகம் தப்பிய பிறழ்வு வேண்டும். அதுவும் நோயாளிகளுக்கு இருப்பது போல இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் வேண்டும். அந்த மீன் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். மாற்றம் தெரிவது மூளையின் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும்போதுதான். பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

நரம்பைத் திரும்ப வளர்ப்பது பற்றிய கேள்வி என்றால் வளர்ந்த மீனின் மூளை அறைக்குள் அமிலாய்டு பீட்டா-42 ஊசி போடும் முறை உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் சாஹான் கிசிலின் குழு 2016-இல் வெளியிட்டது இது. அமிலாய்டு சேர்ந்ததும் மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியா விழித்துக்கொள்கிறது, நரம்பு இணைப்புகள் குறைகின்றன. அப்புறம் இன்டர்லூக்கின்-4 என்ற சமிக்ஞையால் குருத்தணுக்கள் பெருகிப் புதிய நரம்பணுக்கள் வருகின்றன. மனித மூளை செய்யாததை மீன் மூளை எப்படிச் செய்கிறது? நான் மேலே புதையல் என்றது இந்தக் கேள்வியைத்தான்.

நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஆபத்து மரபணுக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் சலித்துப் பார்க்க வேண்டுமென்றால், கிரிஸ்பருக்கு வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களை ஒரு மரபணுவுக்கு மூன்று வீதம் சேர்த்து முட்டையில் செலுத்தி, அந்தத் தலைமுறையிலேயே சோதிக்கும் முறை 2021 முதல் இருக்கிறது. இரண்டு தலைமுறை வளர்க்கும் மாதங்கள் மிச்சம். இங்கே ஒரு கணக்கை மறக்க வேண்டாம். எலும்பு மீன்களின் மூதாதைக்கு மரபணுத் தொகுதி முழுதாக ஒருமுறை இரட்டித்ததால் ஏபிபி (அமிலாய்டின் மூலப் புரதத்தைத் தருவது), டௌ, அபோஈ (முக்கியமான ஆபத்து மரபணு) ஆகிய மரபணுக்கள் ஜீப்ரா மீனில் இரண்டிரண்டு. ஒன்றை உடைத்தால் மற்றது ஈடுகட்டலாம். பிரெசெனிலின் 1, 2 மட்டும் நம்மைப் போலவே ஒவ்வொன்று.

கடைசியாக ரசாயன மாதிரிகள். ஸ்கோபோலமின் கொடுத்து நினைவைக் குலைப்பது, அலுமினியம் குளோரைடு கரைத்த நீரில் மீனை விடுவது போன்றவை. மலிவு, வேகம், ஆய்விதழ்களிலும் ஏராளம். ஸ்கோபோலமின் அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைக்கிறது, அவ்வளவுதான்; அதில் அமிலாய்டும் இல்லை, டௌவும் இல்லை. ஒக்கடாயிக் அமிலம் பரவாயில்லை. டௌவிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதியைத் தடுப்பதால் குறைந்தது ஒரு துண்டையாவது தொடுகிறது.

படி 3: மீன், முட்டை, நீர்

தண்ணீர் 28.5 டிகிரி செல்சியஸ். விளக்கு 14 மணி நேரம் எரிய வேண்டும், 10 மணி நேரம் அணைந்திருக்க வேண்டும். முந்தின மாலை ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில், நடுவில் தடுப்பு வைத்து விடுங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் சிறிது நேரத்தில் முட்டை விழும். நல்ல பெண் மீன் 200, 300 முட்டை இடும். அடியில் சல்லடை இல்லாவிட்டால் பெற்றோரே தின்றுவிடும். 10 சென்டிமீட்டர் பெட்ரித் தட்டு ஒன்றுக்கு 50, 60 முட்டைக்கு மேல் போடாதீர்கள். நெரிசலில் வளர்ச்சி பின்தங்கும். பின்தங்கிய லார்வாவின் மந்தமான நீச்சல் நோய் அறிகுறி போலவே தெரியும்.

இங்கே இரண்டு பொறிகள். பூஞ்சை வராமல் இருக்க முட்டை நீரில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விடுவது வழக்கம். அதே பொருள் டௌ ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் என்று நோயாளிகளிடமே சோதிக்கப்பட்ட மருந்து! 2010-இல் ஜீப்ரா மீனில் சோதித்தபோது டௌவின் கேட்டிலிருந்து அது மீனைக் காப்பாற்றவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் டௌ ஆய்வு செய்கிறவர் தன் நீரில் அதை விட்டுவைக்க ஒரு காரணமும் இல்லை. கெட்ட முட்டைகளை உடனுக்குடன் எடுத்து, நீரைத் தினமும் மாற்றினால் போதும்.

இரண்டாவது பொறி பிடியு என்ற ரசாயனம். தோலில் கறுப்பு நிறம் வராமல் தடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே 0.003 சதவீதம் சேர்ப்பார்கள். அது தைராய்டையும் தடுக்கும். படமெடுக்க மட்டும் என்றால் சரி. நடத்தையையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் நிறமற்ற காஸ்பர் வகை மீனில் உங்கள் மரபணுவை ஏற்றிக்கொள்ளுங்கள். காஸ்பர் வளர்ந்த பிறகும் ஒளி ஊடுருவும்படியே இருக்கும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இதற்கெல்லாம் முன்பே கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மீன் லார்வா தானாக உண்ணத் தொடங்கும் கட்டத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட விலங்கு. நடைமுறையில் அதை ஐந்தாம் நாள் என்று கொள்கிறார்கள். மற்ற நாடுகளில் எல்லை வேறாக இருக்கலாம். ஆறாம் நாள் நடத்தைச் சோதனை திட்டமிட்டுவிட்டு "கரு ஆய்வு" என்று விண்ணப்பம் எழுதக் கூடாது.

படி 4: ஊசி

முட்டை ஒற்றை அணுவாக இருப்பது முக்கால் மணி நேரம்தான். அதற்குள் கண்ணாடி ஊசியால் 1 நானோலிட்டர் அளவு உள்ளே போக வேண்டும். ஊசி முனையை எண்ணெய்த் துளிக்குள் வைத்து அழுத்தி, வரும் குமிழின் விட்டத்தை அளந்து அளவைச் சரிசெய்யுங்கள், கண்மதிப்பில் போகாதீர்கள். புது மரபணுவை நிலையாகச் சேர்க்க, மெடாகா மீனிலிருந்து கிடைத்த டால்2 என்ற தாவும் மரபணுவைப் பயன்படுத்துவார்கள். நரம்பணுக்களில் மட்டும் வேலை செய்ய எலாவ்எல்3 என்ற முன்னியக்கி (மரபணு எந்த அணுவில் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி).

மரபணுவை அடக்கும் செயற்கைத் துணுக்கான மார்ஃபொலினோ எளிதாயிற்றே என்று தோன்றும். அது தற்காலிகமாக அடக்குவது மட்டுமல்ல, பி53 வழியைத் தூண்டி நரம்பணுக்களைச் சாகவும் வைக்கும். நரம்பணுச் சாவையே அளக்கும் ஆய்வில் இதைவிடக் கெட்ட பக்கவிளைவு இருக்க முடியாது. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நிலையான பிறழ்வு மீனோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

அமிலாய்டு செலுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2020-இல் லண்டனின் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் ஜேசன் ரிஹெல் குழு காட்டியது: குட்டையான அமிலாய்டு சங்கிலிகள் லார்வாவை விழித்திருக்க வைக்கின்றன, நீளமானவை தூங்க வைக்கின்றன. பெப்டைடு ஒன்றேதான், கரைத்து எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்பதில்தான் முடிவு தலைகீழாகிறது. கரைப்பான், வெப்பநிலை, நேரம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள்.

படி 5: துண்டு உள்ளே போயிருக்கிறதா?

ஒளிரும் பச்சைப் புரதம் தெரிகிறது என்பது போதாது. மனித அமிலாய்டுக்கு 6ஈ10, பாஸ்பேட் ஏறிய டௌவுக்கு ஏடி8 என்று எதிர்பொருள்கள் உண்டு. இவை மனிதப் புரதத்துக்காகச் செய்யப்பட்டவை. மரபணு ஏற்றாத உடன்பிறப்பு மீனில் புரதச் சோதனையின் பட்டை வரவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். முடிச்சு என்று சொல்ல வேண்டுமானால் கல்யாஸ் வெள்ளிச் சாயமோ தயோஃப்ளேவின்-எஸ்ஸோ பிடிக்க வேண்டும். ஏடி8 மட்டும் பிடித்தால் "பாஸ்பேட் ஏறியிருக்கிறது" என்று எழுதலாம், அதற்கு மேல் எழுதக் கூடாது.

படி 6: நடத்தை

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. எலி இரவில் ஓடும், நாமும் ஜீப்ரா மீனும் பகலில். ஒரு நிமிடம் தொடர்ந்து அசையாமல் இருந்தால் லார்வா தூங்குகிறது என்பது ஏற்கப்பட்ட அளவுகோல். 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு லார்வா, கீழே அகச்சிவப்பு விளக்கு, மேலே கேமரா. ஐந்தாம் நாள் தொடங்கி இரண்டு இரவு, இரண்டு பகல். அல்சைமர் நோயாளிகளிடம் தூக்கக் கோளாறு சீக்கிரமே தலைகாட்டுகிறது என்பதால் இந்தச் சோதனைக்குப் பொருளும் உண்டு.

அடுத்து பழகிப்போதல். தட்டை ஒரு தட்டு தட்டினால் லார்வா ஆங்கில 'சி' எழுத்து போல வளைந்து பாயும். தட்டிக்கொண்டே இருந்தால் பாய்வது குறையும். இது கற்றலின் மிக எளிய வடிவம், முதல் வாரத்திலேயே அளக்க முடிவது. இதற்கு மேலான கற்றலை ஒரு வார லார்வாவிடம் எதிர்பார்க்காதீர்கள். செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைக் கற்பது மூன்று வார வயதை ஒட்டித்தான் ஒழுங்காக வருகிறது. நினைவு பற்றித் தீவிரமான கேள்வி என்றால் வளர்ந்த மீன் வேண்டும்: டி வடிவப் பாதை, மின்னதிர்வைத் தவிர்க்கக் கற்றல் போன்றவை.

எந்தச் சோதனையானாலும் முதலில் கேட்க வேண்டியது: மீனால் நீந்த முடிகிறதா, பார்க்க முடிகிறதா? இயக்க நரம்பு பழுதான டௌ மீன் பாதையின் சரியான முனையை அடையாமல் போனால் அது மறதி அல்ல. நீச்சல் வேகத்தையும் பார்வை எதிர்வினையையும் தனியாக அளந்து, நினைவுச் சோதனையின் முடிவுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

ஒருமுறை ஆறு வாரம் ஒரு மருந்து வேலை செய்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். மருந்து கொடுத்த குழிகள் எல்லாம் தட்டின் ஓரத்தில் இருந்தன. ஓரத்தில் நீர் சீக்கிரம் ஆவியாகும், வெளிச்சமும் வேறாக விழும். இடத்தை மாற்றிப் போட்டதும் "மருந்தின் பலன்" காணாமல் போனது. அன்றிலிருந்து எந்த லார்வா எந்தக் குழி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறேன்.

படி 7: மருந்து கொடுத்தல்

மருந்தை நீரில் கரைக்கிறோம்; நீரில் இருக்கும் அளவு மூளைக்குள் இருக்கும் அளவு அல்ல. மூளையின் ரத்தத் தடுப்பு மூன்றாம் நாளில் உருவாகத் தொடங்கிப் பத்தாம் நாள் வரை இறுகிக்கொண்டே போகும். நான்காம் நாள் உள்ளே போன மூலக்கூறு வளர்ந்த மீனில் போகாமலிருக்கலாம். முடிந்தால் நிறைநிறமாலை வைத்து லார்வாவுக்குள் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்துவிடுங்கள். டிஎம்எஸ்ஓ கரைப்பான் அரை சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு போக வேண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போய் நச்சாகும் எல்லையைக் கண்டுபிடித்து, அதற்கு வெகு கீழே சோதனையைத் தொடங்குங்கள்.

நோயாளிகளுக்கு இன்று தரப்படும் மருந்துகளை ஒப்பீட்டுக்கு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஜீப்ரா மீனில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் மட்டுமே உண்டு, பியூட்டைரைல்கோலினெஸ்டரேஸ் கிடையாது. மனிதரில் இரண்டையும் தடுக்கும் ரிவாஸ்டிக்மினின் வேலையில் பாதியை மீனில் பார்க்கவே முடியாது.

படி 8: எண்ணிக்கையும் ஒப்பீடும்

ஒரே ஜோடி ஒரே காலையில் இட்ட 96 முட்டைகள் 96 தனித் தனிச் சாட்சிகள் அல்ல. அவை ஒரு குடும்பம். குறைந்தது மூன்று வெவ்வேறு ஈற்றுகளில் (ஒரு முறை இட்ட முட்டைத் தொகுதி ஒரு ஈற்று) திரும்பச் செய்து, புள்ளியியல் மாதிரியில் ஈற்றை ஒரு காரணியாகச் சேருங்கள். ஒரு பிரதி பிறழ்ந்த மீனைச் சாதாரண மீனோடு கூட்டினால் குஞ்சுகளில் பாதி பிறழ்வு, பாதி சாதாரணம். ஒரே தொட்டியில், ஒரே உணவில் சேர்ந்தே வளரட்டும். எது எது என்று சோதனை முடிந்த பிறகு டி.என்.ஏ. எடுத்துப் பாருங்கள். அதுவரை அளப்பவருக்கே தெரியாது என்பதால் பாரபட்சம் புக வழியில்லை. ஒப்பீட்டு மீனை வேறு தொட்டியிலிருந்து கொண்டுவந்தால், நீங்கள் அளப்பது மரபணு வேறுபாடா தொட்டி வேறுபாடா என்று யாராலும் சொல்ல முடியாது.

படமெடுக்கவும் சோதனை முடிவிலும் ட்ரைகெயின் மயக்க மருந்து தேவைப்படும். அமிலத்தன்மையைச் சமன் செய்துதான் கொடுக்க வேண்டும். உயிரை முடிக்க அதன் மிகையளவு வளர்ந்த மீனுக்குப் போதும், இரண்டு வாரத்துக்குட்பட்ட லார்வாவுக்குப் போதாது. இதயம் நின்றது போலத் தெரிந்து மீண்டும் துடிக்கும். இரண்டாவது முறை ஒன்றைச் சேர்த்தே செய்யுங்கள்.

முடிவு நல்லபடியாக வந்தால் அடுத்த சோதனை மீனில் அல்ல. நோயாளியின் தோல் அணுவிலிருந்து வளர்த்த மனித நரம்பணுக்களிலோ எலியிலோ அதே சுருக்கமான கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். ஆய்வறிக்கையின் தலைப்பில் "அல்சைமர்" என்று போடுவதற்கு முன், "பி301எல் டௌ ஏற்றிய ஆறு நாள் லார்வா" என்று எழுதிப் பார்த்து, அந்தச் சொற்களோடு உங்கள் முடிவு இன்னும் நிற்கிறதா என்று படித்துப் பாருங்கள்.